கொய் மீன் தொட்டிக்கு வந்த மீன்பிடிப் பூனை: கிருலப்பனைக் கால்வாயோரத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

கொழும்பின் கிருலப்பனைக் கால்வாயை அண்டிய ஓர் ஒழுங்கையில், இளைப்பாறிய ஆசிரியை ஒருவரின் முற்றத்துச் சீமெந்துத் தொட்டியிலிருந்து கொய் எனப்படும் அலங்கார மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமற்போயின. அதற்குக் காரணமான விலங்கு எவ்வாறு இனங்காணப்பட்டது, அதன் பின்னர் ஒழுங்கையார் என்ன முடிவெடுத்தார்கள், அம்முடிவுகளில் எவை பலனளித்தன என்பவற்றை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. குடும்பத்தின் விருப்பத்திற்கிணங்க வீட்டையோ ஒழுங்கையையோ அடையாளம் காட்டும் விபரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. சம்பவம் சிறியதுதான்; எவருக்கும் காயமில்லை, பத்திரிகையில் ஒரு வரிகூட வரவில்லை. ஆயினும், இலங்கையில் அருகிவரும் மீன்பிடிப் பூனை கொழும்பில் தொடர்ந்து வாழுமா இல்லையா என்பது பூங்காக்களின் வேலிகளுக்குள்ளே அல்ல, இத்தகைய முற்றங்களிலும் கால்வாய்க் கரைகளிலுமே பெரும்பாலும் தீர்மானிக்கப்படுகிறது என்பது என் கணிப்பு. அதனாலேயே ஒரு தொட்டி மீனின் கதையை இவ்வளவு விரிவாக எழுத வேண்டியுள்ளது.

விலங்கும் நகரமும்

இலங்கையில் பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த நான்கு காட்டு இனங்கள் உள்ளன: சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப் பூனை, துரும்பன் பூனை. உலகின் மிகச் சிறிய பூனைகளில் ஒன்றான துரும்பன் பூனைக்கும், கண்டவுடன் எவரும் பெயர் சொல்லிவிடும் சிறுத்தைக்கும் இடையில், மீன்பிடிப் பூனை பொதுமக்களின் கவனத்திலிருந்து எப்போதும் நழுவிவிடுகிறது. வீட்டுப் பூனையிலும் ஏறக்குறைய இரு மடங்கு பருமனுடைய இந்த விலங்கில் பெண் 5 முதல் 9 கிலோ வரையிலும், நன்கு வளர்ந்த ஆண் 16 கிலோ வரையிலும் இருக்கும். சாம்பலும் மஞ்சளும் கலந்த உடலில் கரும்புள்ளிகள், நெற்றியிலிருந்து பிடரி வரை ஓடும் கோடுகள், உடலோடு ஒப்பிடும்போது கட்டையான வால், விரல்களுக்கிடையே பாதியளவு சவ்வு, முழுமையாக உள்ளிழுக்க முடியாத நகங்கள், நீர் தோலைத் தொடாதபடி காக்கும் அடர்ந்த உள்மயிர் என அதன் உடலமைப்பு முழுவதும் நீருக்கானது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் உலகச் செம்பட்டியலில் 2008இல் அருகிவரும் இனமாக வைக்கப்பட்டு, 2016ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அதற்கு அடுத்த, சற்றுக் குறைந்த ஆபத்து நிலைக்கு மாற்றப்பட்டது. இலங்கையின் தேசியப் பட்டியலிலோ அது அருகிவரும் இனமே. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அதைப் பிடிப்பதும், கொல்வதும், கூண்டில் வைத்து வளர்ப்பதும் குற்றமாகும்.

இப்படிப்பட்ட விலங்கு கொழும்பில் இருப்பதற்குக் காரணம் நகரத்தின் கருணை அல்ல, அதன் நிலவமைப்பு. பெத்தகான, தலவத்துகொட, கொலன்னாவை, கோட்டே சதுப்புகளும், ஹீன் எல, தெமட்டகொட, கிருலப்பனை, வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்களும், தியவன்னா ஓயாவும் சேர்ந்து ஒரே நீர்ப்பின்னலாக அமைந்துள்ளன. கொழும்புப் பெருநகரப் பகுதியின் ஈரநிலங்கள் மொத்தமாக ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர். 2018 ஒக்டோபரில் துபாயில் நடந்த, ஈரநிலப் பாதுகாப்புக்கான ராம்சார் உடன்படிக்கையின் மாநாட்டில், ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தை முதன்முதலில் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாக இருந்தது. அதே நகரத்தில், அதற்கு முந்திய ஆண்டின் ஏப்ரல் மாதத்தில், சதுப்பின் ஓரத்தில் மலையாகக் குவிக்கப்பட்டிருந்த மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஈரநிலத்தை இந்த நகரம் எந்த இரு விதங்களில் பார்க்கிறது என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

மீன்பிடிப் பூனை கொழும்பின் வீடுகளுக்கு வருவது புதிதன்று. 2015இல் நகரின் மையப் பகுதியிலிருந்த ஒரு வீட்டில் கொய் மீன்கள் மறைந்தபோது, பாதுகாப்புக் கமெராவில் சிக்கிய திருடனும் இந்த இனமே. அக்காலப் பகுதியில் ஆய்வாளர் அன்யா ரத்நாயக்க தொடங்கிய நகர மீன்பிடிப் பூனை ஆய்வு, கழுத்துப்பட்டிக் கருவிகள் மூலம் இவ்விலங்குகளைப் பின்தொடர்ந்து, அவை சதுப்புகளில் மட்டுமன்றிக் கால்வாய்கள், வடிகான்கள், மதில்கள், கூரைகள் வழியாகவும் நகருக்குள் நடமாடுவதைக் காட்டியது. கிருலப்பனைச் சம்பவத்தைப் புரிந்துகொள்ள அந்த ஒரு தகவலே அடித்தளமாக அமைந்தது: கால்வாய் ஓடும் இடமெல்லாம் பூனைக்குப் பாதை.

சம்பவமும் சந்தேகங்களும்

தொட்டி பத்தடி நீளமும் முழங்கால் அளவு ஆழமும் கொண்டது. மாமரத்தின் நிழலில், பின் மதிலை ஒட்டி, கால்வாயிலிருந்து ஒரு வீடு தள்ளி அமைந்திருந்தது. மதிலின் மறுபக்கத்தில் ஆளுயரத்திற்குப் புல் வளர்ந்த வெறுங்காணி. கொய் என்பது நிறத்திற்காகவே தேர்ந்து வளர்க்கப்பட்ட கெண்டை. மங்கிய நிலவிலும் பளிச்செனத் தெரியும், மனிதர் அருகே வந்தால் தீனிக்காக மேலே வரும். ஆழமற்ற, ஒளிந்துகொள்ள இடமற்ற ஒரு தொட்டியில் அவற்றை விட்டுவைப்பது, நீரில் வேட்டையாடும் எந்த உயிருக்கும் அழைப்பிதழ் அனுப்புவதற்குச் சமம். ஆசிரியையின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து போனபோது வாங்கிக் கொடுத்த மீன்கள் அவை என்பதால், இழப்பு பணத்தோடு மட்டும் நிற்கவில்லை.

முதலில் சந்தேகிக்கப்பட்டவர் மனிதர். மதிலைச் சீர்செய்ய வந்த மேசன்மார் மீது ஒரு கிழமை வரை பழி கிடந்தது. அடுத்து ஒழுங்கையின் தெருப் பூனைகள். பின்னர் கபரகொயா எனப்படும் நீருடும்பு. ஒவ்வொன்றையும் தனித்தனியே விலக்கிய முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இத்தகைய முறைப்பாடுகளில் தவறான விலங்கே பெரும்பாலும் தண்டனை பெறுகிறது.

கபரகொயா பகலில் இரைதேடும் விலங்கு. மீன்களோ இரவில் மறைந்தன. அது வந்து போன சேற்றில் கால் தடங்களுக்கு நடுவே வால் இழுபட்ட கோடு இருக்கும். இங்கே அது இல்லை. நீர்நாய் கொழும்புக் கால்வாய்களில் உண்டு, இரவிலும் வரும். ஆனால் அது மீன் செதிலும் முள்ளும் கலந்த, கடுமையாக மீன் வீச்சமடிக்கும் எச்சத்தைக் கல் மீதோ திட்டு மீதோ வேண்டுமென்றே இட்டுச் செல்லும் வழக்கமுடையது. தொட்டியைச் சுற்றியும் மதிலடியிலும் அப்படியொன்று அகப்படவில்லை. இராக்கொக்கு வரலாம், எனினும் ஒரு முழம் நீளமான கொய் மீனை அதால் விழுங்க முடியாது. தெருப் பூனை விளிம்பில் நின்று முன்காலால் கிளறும், மேலே மிதக்கும் சிறு மீனைத் தட்டி எடுக்கும். முழங்காலளவு நீரில் இறங்காது.

மீதமிருந்தது சேற்றில் பதிந்த ஒரு தடம். மழைக்குப் பின்னர் மாமரத்தடியில் ஈரமாகக் கிடந்த மண்ணில், வீட்டுப் பூனையின் தடத்திலும் அகலமான நான்கு விரல்கள், அவற்றின் முன்னே மெல்லிய ஊசிக் குத்துகளாக நகங்களின் அடையாளம். பூனை இனங்கள் நடக்கும்போது நகத்தை உள்ளே வைத்திருக்கும் என்பதால் தடத்தில் நகம் தெரிவது நாயையே நினைவூட்டும். ஒழுங்கையாரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் நாயின் பாதத்திற்குரிய நீள்வட்ட வடிவம் இதில் இல்லை. நகம் முழுவதும் உள்ளே போகாத பூனை என்றால், இந்தப் பகுதியில் கணக்கில் வருவது ஒன்றே.

கமெரா பொருத்தப்பட்ட பின்னர் ஐயம் தீர்ந்தது. நள்ளிரவு கடந்து, மதிலின் மேல் தாழ்ந்த உடலோடு நடந்து வந்த விலங்கு, தொட்டி விளிம்பில் குந்தி, நெடுநேரம் அசையாமல் இருந்தது. பின்னர் முன்காலால் நீரின் மேற்பரப்பை இருமுறை மெதுவாகத் தட்டியது. மேலே விழுந்த பூச்சியின் சலனம் போன்ற அந்தத் தட்டலுக்கு, தீனிக்குப் பழகிய மீன்கள் எழுந்து வந்தன. அடுத்த கணத்தில் தலையும் முன்னுடலும் நீருக்குள். வெளியே வந்தபோது வாயில் மீன். உடலை ஒருமுறை உதறிவிட்டு, வந்த மதில் வழியே போயிற்று. ஆசிரியை அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கோபத்திற்கு நடுவிலும், அந்தத் தட்டலின் நுணுக்கத்தை அவர் பாராட்டாமல் இருக்கவில்லை.

“டீச்சர், அது சிறுத்தைக் குட்டிதான். வீடியோவ வட்ஸ்அப்பில போட்டிட்டன்” என்று முன்வீட்டுப் பையன் சொன்னதும், “குட்டி எண்டா தாய் எங்க தம்பி நிக்குது? கிருலப்பனையிலயோ?” என்று அவர் கேட்டதும் ஒழுங்கையில் இன்னமும் பேசப்படுகிறது. ஆனால் பையனின் அந்த வட்ஸ்அப் பதிவால் நேர்ந்தது சிரிப்புக்குரியதல்ல. ஒரே நாளில் பிள்ளைகளை முற்றத்தில் விளையாட விடக்கூடாது என்ற பேச்சு எழுந்தது. மதிலில் கண்ணி வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். எலி மருந்து தடவிய மீனை வைக்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். மீன்பிடிப் பூனை மனிதரை இரையாகத் தேடுவதில்லை. மூலையில் மாட்டி, தப்ப வழியின்றி நின்றால் எந்தப் பூனையும் கடிக்கும், பிறாண்டும். அந்த அளவே ஆபத்து. இதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்தில் எழுதி அதே வட்ஸ்அப் குழுவில் போட்டதே முதல் உருப்படியான நடவடிக்கை.

பிடித்துக்கொண்டு போங்கள் என்ற கோரிக்கை

வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திற்கு 1992 என்ற இலக்கத்தில் அழைத்து, கூண்டு வைத்துப் பிடித்து வில்பத்துவிலோ வேறெங்கோ விடும்படி கேட்க வேண்டும் என்பதே ஒழுங்கையில் பெரும்பான்மையோரின் விருப்பம். கேட்பதற்கு நியாயமாகவும் மனிதாபிமானமாகவும் தோன்றும் இந்தத் தீர்வை நான் வலுவாக எதிர்த்தேன். காரணங்களைப் பதிவு செய்கிறேன்.

முதலாவது, அந்த இடம் வெற்றிடமாக இராது. கால்வாயும், அதில் திலாப்பியாவும் விராலும், கரையில் எலிகளும் இருக்கும் வரை, ஒன்று போனால் இடம் தேடி அலையும் இன்னோர் இளம் பூனை வரும். தொட்டியும் அப்படியே திறந்து கிடக்கும். இரண்டாவது, கொண்டுபோய் விடப்படும் விலங்கு அறியாத நிலத்தில், ஏற்கெனவே அங்கு வாழும் தன் இனத்தோடு மோத வேண்டும், அல்லது திரும்பி வர முயன்று வீதிகளைக் கடக்க வேண்டும். இலங்கையில் இவ்வினம் இறப்பதற்கு வாகனங்கள் ஒரு முதன்மைக் காரணம் என்பதை இங்கே மறக்க முடியாது. மூன்றாவது, இடம்மாற்றம் சிக்கலைத் தீர்க்காமல் பெருக்கியதற்குப் பதிவான எடுத்துக்காட்டு உண்டு. மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் பகுதியில் 2001இல் சிறுத்தைகளைப் பெருமளவில் பிடித்து இடம்மாற்றத் தொடங்கிய பின்னர், அதுவரை ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல்கள் 17 ஆக உயர்ந்தன. சிறுத்தை வேறு, மீன்பிடிப் பூனை வேறு. தாக்குதல் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. ஆயினும், தன் நிலத்தை அறிந்து மனிதரைத் தவிர்த்து வாழப் பழகிய விலங்கை அகற்றி, அறியாத நிலத்தில் விடுவதால் வரும் குழப்பம் இரண்டிற்கும் பொதுவானது.

குட்டிகள் பற்றிய அச்சமும் இதில் சேர்ந்திருந்தது. புல் வளர்ந்த காணியைத் துப்புரவாக்கும்போது கண் திறந்த, புள்ளியுள்ள குட்டிகள் அகப்பட்டால், சிறுத்தைக் குட்டி என்றோ, தாய் விட்டுப்போனது என்றோ எண்ணித் தூக்கிக்கொண்டு போவது கொழும்பைச் சுற்றி மீண்டும் மீண்டும் நடக்கும் தவறு. தாய் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். இரவில் வந்து ஒவ்வொன்றாக இடம் மாற்றும். குட்டியைக் கண்டால் தொடாமல், வேலையை நிறுத்தி, திணைக்களத்திற்கு அறிவிப்பதே போதும். மனிதர் கையில் பால் குடித்து வளர்ந்த பூனையைத் திரும்ப ஈரநிலத்தில் வாழப் பழக்குவது நீண்டதும், செலவு கூடியதும், தோல்வி மலிந்ததுமான வேலை.

செய்யப்பட்டவை

கூண்டு வராது என்று முடிவான பின்னர், ஆசிரியையின் கேள்வி நேரடியாக இருந்தது: மீனை யார் காப்பாற்றுவது? பயிரையோ வீட்டையோ யானை அழித்தால் கேட்க ஒரு வழி உண்டு. கொய் மீனைப் பூனை தின்றதற்கு இழப்பீடு கேட்க வழியில்லை. பாதுகாப்பின் செலவைத் தற்செயலாகக் கால்வாயருகே வீடு கட்டிய ஒருவர் மட்டும் சுமப்பது எப்படி நியாயம் என்ற அவரது மனக்குறைக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. ஈரநிலத்தால் வெள்ளம் தணிவதன் பயனை நகரம் முழுவதும் அனுபவிக்கிறது. 2010 நவம்பரில் நாடாளுமன்ற வளாகமே நீரில் மூழ்கியதைக் கண்ட நகரம் இது.

தொட்டியில் செய்த மாற்றங்கள் எளியவை. இரும்புச் சட்டத்தில் பற்றவைத்த, கையால் வளைக்க முடியாத கம்பி வலையை மூடியாகப் பொருத்தி, பகலில் திறந்து மாலையில் மூடும்படி கீல் வைத்தார்கள். நைலோன் வலை மலிவு. ஆனால் அதில் பாம்பும் பறவையும் சிக்கிச் சாகும், பூனையோ ஓரிரவில் கிழித்துவிடும். தொட்டியின் ஒரு பாதியை ஆழமாக்கி, அடியில் அகன்ற மண் குழாய்கள் இடப்பட்டன. மூடியை மறந்துவிட்ட இரவுகளிலும் மீனுக்கு ஒதுங்க இடமிருக்க வேண்டுமல்லவா? அசைவு கண்டு எரியும் மின்விளக்கு ஒன்றும் போட்டார்கள். சில இரவுகள் பூனை தயங்கியது, பின்னர் வெளிச்சத்திலேயே வந்து குந்தியது. விளக்கு பொருத்தியது வீண். வலை பலித்தது. மூடி ஒழுங்காகப் போடத் தொடங்கிய பின்னர் மீன் குறையவில்லை. பூனை மதில் வழியே வருவது கமெராவில் தொடர்ந்து பதிவானது. தொட்டியருகே நிற்கும் நேரம் மட்டும் குறைந்துகொண்டு போயிற்று.

பக்கத்து வீட்டில் வாத்தும் கோழியும் வளர்த்த சிங்களக் குடும்பத்தின் நிலை சற்றுக் கடினமானது. அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழி வலை மீன்பிடிப் பூனைக்குத் தடையே அல்ல. அங்கே கூட்டின் அடிப்பகுதியைப் பலகையிட்டு நிலத்திலிருந்து உயர்த்தி, பக்கங்களுக்குத் தடித்த வலை அடித்து, அந்தியில் உயிர்களை உள்ளே விடும் பழக்கத்தை ஏற்படுத்த வேண்டியிருந்தது. அந்த வீட்டு அம்மா இரு வாத்துகளை இழந்த பின்னரே இதற்குச் சம்மதித்தார். இப்போதும் பூனை மீது அவருக்கு அன்பு எதுவும் இல்லை. அன்பு தேவையுமில்லை; எலி மருந்தை வெளியே வைக்காதிருந்தால் போதும். நஞ்சுண்டு தளர்ந்த எலியே பூனைக்கு எளிதில் அகப்படும் எலி என்பதையும், அந்த நஞ்சு பூனையின் உடலிலும் சேரும் என்பதையும் அவருக்கு விளக்கியவர் அவருடைய மகள்.

தெருப் பூனைகளின் விடயத்தில் ஒழுங்கை ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. சோறும் மீன் தலையும் வைத்து அவற்றை வளர்க்கும் இரண்டு வீடுகளில் ஒன்று மட்டுமே கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் சம்மதித்தது. வீட்டுப் பூனையிடமிருந்து மீன்பிடிப் பூனைக்குத் தொற்றக்கூடிய வைரசு நோய்கள் உண்டு; நகரத்தில் இரண்டும் ஒரே மதிலில் நடக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த ஆபத்தை ஒரு காணொளியால் விளக்க முடியாது என்பதே சிக்கல்.

கரையின் கேள்வி

தொட்டியும் கூடும் வீட்டாரின் கையில் உள்ளவை. கால்வாய்க் கரை அப்படியல்ல. வெள்ளக் கட்டுப்பாட்டுக்காகக் கொழும்பின் பல கால்வாய்கள் தூர்வாரி அகலப்படுத்தப்பட்டு, கரைகள் கம்பிக் கூடைக்குள் கல்லடைத்த செங்குத்துச் சுவர்களாக மாற்றப்பட்டுள்ளன. சில இடங்களில் அவற்றின் மேல் விளக்குப் போட்ட நடைபாதைகள். வெள்ளம் வடிய வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் புல்லும் பற்றையும் இல்லாத செங்குத்துக் கரையில் பூனைக்குப் பதுங்க இடமில்லை, நீருக்குள் இறங்கி ஏற வழியில்லை. அப்போது அது செய்யக்கூடியது ஒன்றுதான்: மதிலுக்கும் வீதிக்கும் ஏறுவது. அதாவது, கரையைச் சுத்தமாக்கச் சுத்தமாக்க, பூனை வீட்டுக்குள் வருவதும் வாகனத்தில் அடிபடுவதும் கூடும். இந்த ஒழுங்கையில் முறைப்பாடுகள் தொடங்கியது அண்மையில் ஒரு பகுதிக் கரையில் பற்றை வெட்டப்பட்ட பின்னரே. ஒரேயொரு நிகழ்விலிருந்து காரணத்தை நிறுவ முடியாது. ஆயினும் காலப் பொருத்தம் கவனிக்கத்தக்கது.

பெத்தகான, தியசரு ஆகிய ஈரநிலப் பூங்காக்கள் நன்கு பேணப்படுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் ஓர் ஆண் பூனைக்கு ஒரு பூங்கா போதாது. பூங்காவிலிருந்து பூங்காவுக்குப் போகும் வழி கால்வாய். அவ்வழி அடைபட்டால் ஒவ்வொரு பூங்காவும் தனித் தீவாகி, உள்ளே இருப்பவை தமக்குள்ளேயே இனம்பெருக்க நேரும். மேற்கு வங்கம் 2012இல் மீன்பிடிப் பூனையைத் தன் மாநில விலங்காக அறிவித்தது. ஆனால் அங்கே ஹவுரா மாவட்டத்தில் அதன் வாழ்வு தனியார் மீன் குளங்களையும் நாணற்காடுகளையுமே நம்பியிருக்கிறது. சட்டப்படி காக்கப்பட்ட வனத்திற்கு வெளியே, மனிதரின் சொத்துக்குள் வாழும் விலங்கு இது என்பதில் ஹவுராவும் கொழும்பும் ஒன்றே.

ஒழுங்கையார் இரண்டு கோரிக்கைகளை எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் கையொப்பமிட்டுக் கால்வாய்ப் பராமரிப்புக்குப் பொறுப்பான அலுவலகத்திற்கு அனுப்பியுள்ளார்கள். இரு கரைகளிலும் ஒரே நேரத்தில் பற்றை வெட்டாமல், ஒரு கரையை விட்டு மறு கரையை வெட்ட வேண்டும் என்பது ஒன்று. செங்குத்துச் சுவர் கட்டப்படும் இடங்களில் குறித்த இடைவெளிகளில் சாய்வான இறங்குவழி விட வேண்டும் என்பது மற்றது. முதலாவதற்குச் செலவே இல்லை, வேலை செய்யும் முறையை மாற்றினால் போதும். அது ஏற்கப்படும் என்றே எதிர்பார்க்கிறேன். இரண்டாவதற்குப் பொறியியலாளர்களின் சம்மதமும் பணமும் வேண்டும். கடிதம் கிடைத்ததாக மட்டும் பதில் வந்திருக்கிறது. பின் மதிலுக்கு அப்பாலுள்ள வெறுங்காணி விற்பனைக்கு வந்துள்ளது. வாங்குபவர் புல்லை வெட்டுவதற்கு முன்னர் அவரோடு பேசும் பொறுப்பை ஆசிரியை தானாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.